மூலக்கூறின் சாய்வைக் கண்ட வத்திராயிருப்புத் தமிழர்

கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் அங்கு வேலைக்குச் செல்கின்றனர்.

கணினிச் சில்லு தயாரிக்கும்போது சிலிக்கான் தகட்டின் மேல் மிக மெல்லிய கரிமப் பூச்சு ஒன்று தடவப்படுகிறது. இத்தகைய படலங்களை எக்ஸ்-கதிர் கொண்டு அளக்க முடியும். படலத்தின் மேல் கதிரை மிகச் சாய்வாகப் பாய்ச்சினால், மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து ஏற்ற இறக்கங்களைக் காட்டும். அவற்றிலிருந்து படலத்தின் தடிமன் தெரியும். ஒரே அடுக்காக மூலக்கூறுகள் நிற்கும் படலத்தில், அந்தத் தடிமன் மூலக்கூறின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால், அவை சாய்ந்து நிற்கின்றன என்று கணக்கிடலாம்.

கரிமப் பொருளுக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்ற இதே கேள்விக்குக் காந்தத்தைக் கொண்டு விடை கண்டவர் ஒரு தமிழர். அவர் பெயர் கே.எஸ்.கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் அவர் பிறந்தார். தந்தை உழவர், தமிழும் வடமொழியும் கற்றவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்த கிருஷ்ணன், 1923இல் கல்கத்தாவில் சர் சி.வி.ராமனிடம் ஆய்வில் சேர்ந்தார். 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது உடன் உழைத்தவர் அவர்தான். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது.

பலருக்குக் கிருஷ்ணனின் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. அவருடைய தனி உழைப்போ 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பிறகுதான் வேகம் பிடித்தது.

அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் போன்ற கரிமப் படிகங்களை, மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டார். தட்டையான அந்த மூலக்கூறுகளைக் காந்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் தள்ளுவதில்லை. அதனால் படிகம் திரும்பும், இழை முறுக்கும். அந்த முறுக்கை அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எந்தக் கோணத்தில் சாய்ந்துள்ளன என்று கணக்கிட்டார். படிகத்தை உடைக்கவே தேவையில்லை.

அன்று எக்ஸ்-கதிரால் ஒரு கரிமப் படிகத்தின் அமைப்பை அறிவது பெரும்பாடு. பல அமைப்புகளை ஊகித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கிருஷ்ணனின் அளவீடு அந்தத் தேடலைச் சுருக்கியது. லண்டனின் எக்ஸ்-கதிர் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலுடன் இணைந்து 1936இல் இதுகுறித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1946இல் சர் பட்டம் கிடைத்தது. 1947இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1958இல் பட்நாகர் விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. இத்தனைக்கும் நடுவில் தமிழ் இலக்கிய ஈடுபாட்டை அவர் விட்டதில்லை. 1961 ஜூன் 14ஆம் தேதி, 62ஆம் வயதில் காலமானார்.

தமிழ்ப்பள்ளிகளில் ராமனின் பெயரைச் சொல்லும்போது கிருஷ்ணனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிவியல் படித்துக் கூலிம் ஆலைகளுக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு அவர் அந்நியர் அல்லர்.