சோறு போட்டீங்க, சரி... ஃப்ரெண்டா இருப்பீங்களா?

உங்களைப் படிக்கவெச்ச ஒருத்தர், பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட மட்டும் கூப்பிடலைனா எப்படி இருக்கும்? நன்றியும் இருக்கும், வலியும் இருக்கும்ல?

1910-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இந்த வலியைத்தான் போட்டு உடைத்தார் வி.எஸ்.அசரியா. தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில், 1874-ல் பிறந்த போதகர் மகன். அப்போ வயசு 35. எதிரே இருந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்கள். மிஷனரிகளின் தியாகத்துக்கு மனசார நன்றி சொன்னவர், எங்களுக்கு நண்பர்களும் வேணும்னு கேட்டுட்டார். சிலருக்கு அது ரசிக்கவில்லை. நன்றி சொல்றவன் கேள்வி கேட்கக் கூடாதா என்ன?

இத்தனைக்கும், வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்காம நம்ம ஆட்களே ஊழியம் செய்யணும்னு 1903-லேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமா இருந்தவர் அவர். பிறகு நிஜாம் சீமையின் தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று, தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களோடு வாழ்ந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். அங்கே அவர் கட்டிய பேராலயத்தைப் பார்த்தால் கோயில், மசூதி, சர்ச் மூணும் ஞாபகம் வரும். கூகுள் பண்ணிப் பாருங்க!

சபைகளும் தனித்தனிப் பந்தியாத்தான் இருந்தன. அவற்றை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் பேச்சு ஆரம்பிச்சவர்களில் அவரும் ஒருவர். 1945 ஜனவரி 1-ல் இறந்துபோனார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947-ல்.