சுப்பாராவ்: மேற்கோள் எண்ணிக்கை சொன்னதும், சொல்லாமல் விட்டதும்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலமோ பக்கத்து நல்லூரோ, அங்கே வளர்ந்தவரா நீங்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் யானைக்கால் நோய் மாத்திரை பற்றிக் கேட்டுப் பாருங்கள். நோய் இருக்கிறதோ இல்லையோ, ஊரில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுக்கும் திட்டம் 1990-களின் பிற்பாதியில் கடலூர் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களில் நடந்தது. அந்த மருந்தின் பெயர் டை-எத்தில்-கார்பமசின். சுருக்கமாக டி.இ.சி.

அந்த மருந்தைக் கண்டுபிடித்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் தலைவர், சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். ஆனால், 1947-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் கடைசியில்தான் இருக்கும். அவர்தான் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இன்று ஓர் ஆய்வாளரை எடைபோட எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்கிறோம். வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாமே இந்த ‘சைட்டேஷன்’ கணக்கில்தான் நிற்கின்றன. இந்தக் கணக்கில் சுப்பாராவுக்கு எவ்வளவு மார்க் கிடைக்கும்?

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12-இல் ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து பாஸானார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி.

அது காந்தியின் காலம். சுப்பாராவ் கதர் உடுத்தி அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சகோதரர்களை ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய் கொண்டுபோனது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும் நோய் அது. சுப்பாராவையும் அது விடவில்லை, எப்படியோ பிழைத்தார். இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியோடு, மாமனாரின் உதவியில் 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் போய் இறங்கினார். செலவுக்குப் பணம் போதவில்லை. ஹார்வர்டில் படித்துக்கொண்டே மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலையும் பார்த்தார்.

எண்ணிக்கை குவிந்த கட்டுரை

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சட்டென்று அளக்க ஒரு வழி வேண்டும். இதுதான் அவருக்குக் கிடைத்த வேலை.

முறை எளிமையானது. மாதிரியில் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்தால், அது பாஸ்பேட்டோடு கூடும். அதன்மேல் இன்னொரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். இதை விவரிக்கும் ஃபிஸ்க்-சுப்பாராவ் கட்டுரை 1925-இல் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி’ இதழில் வந்தது.

உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. பாஸ்பரஸை அளந்தவர்கள் எல்லோரும் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். பல ஆயிரம் மேற்கோள்களோடு, அறிவியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்றாக அது ஆனது.

கண்டுபிடிப்புக்குக் குறைவு, அளவுகோலுக்கு அதிகமா?

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். 2014-இல் ‘நேச்சர்’ இதழ், அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம் எது தெரியுமா? புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன, 1951-இல் வெளியான ஆலிவர் லோரியின் கட்டுரை. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரை முதல் நூறிலேயே இல்லை.

காரணம் சுலபம். அளக்கும் முறையைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு தடவையும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரிய உண்மையோ சில வருஷங்களில் பாடப்புத்தகத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அதை யார் முதலில் சொன்னார் என்று யாரும் எழுதுவதில்லை.

சுப்பாராவுக்கும் இதுதான் நடந்தது. அந்த நீல நிறத்தை வைத்தே ஃபிஸ்கும் அவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை 1927-இல் அறிவித்தார்கள். தசை எதிலிருந்து சக்தி பெறுகிறது என்பது பற்றி அதுவரை இருந்த கருத்தை அது அசைத்துப் பார்த்தது. 1929-இல் ஏ.டி.பி. மூலக்கூறைப் பிரித்தெடுத்ததையும் அறிவித்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். செல்லின் எரிபொருள் ஏ.டி.பி. என்று பிளஸ் டூ உயிரியலில் எல்லோரும் படித்திருப்போம். அந்தப் பாடத்தோடு சுப்பாராவ் பெயரைப் படித்த ஞாபகம் இருக்கிறதா?

வெளியே வராத வேலை

இன்னொரு சங்கடமும் உண்டு. அதே கூடத்தில் படித்து, பின்னாளில் நோபல் பரிசு வென்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொன்ன விஷயம் இது. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் பற்றிய தகவலை ஃபிஸ்க் வெளியே விடவில்லை. பல வருஷம் கழித்து வேறு ஆட்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்கிறார் அவர். அச்சில் ஏறாத வேலைக்கு மேற்கோள் எங்கிருந்து வரும்?

ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி சுப்பாராவுக்குக் கிடைக்கவே இல்லை. 1940-இல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்கு மாறினார். சீக்கிரமே அதன் ஆராய்ச்சித் தலைவரும் ஆனார்.

கடைசி எட்டு வருஷம்

சுப்பாராவின் பெரிய வேலைகள் நடந்தது இங்கேதான். ஸ்ப்ரூ ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த நோயாளிகளின் ரத்தசோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலத்தை அவர் குழு 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதேதான். அந்தக் கட்டுரையில் பெரிய பெயர் வரிசை இருக்கும். அதன் நடுவில் ஒருவராக சுப்பாராவ்.

ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருளைச் செய்தால் புற்றுநோய் செல் வளராமல் நிற்குமா? லெடர்லே தயாரித்த அமினாப்டெரினை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் தெரிந்தது. 1948 ஜூனில் வந்த அந்தக் கட்டுரை, கீமோதெரபி வரலாற்றில் ஒரு மைல்கல். எழுதியவர்கள் ஐந்து பேர். அதில் சுப்பாராவ் இல்லை. அமினாப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் பயன்படுகிறது.

டெட்ராசைக்ளின் வகையின் முதல் ஆன்டிபயாடிக்கான ஆரியோமைசினும் அவர் தலைமையில் இருந்த கூடத்தில் வந்ததுதான். அது பெஞ்சமின் டக்கர் பெயரில் வெளியானது. வேலையைச் செய்தவர் டக்கர் என்பதால் அது நியாயமும்கூட. எழுபது வயதைத் தாண்டிய அவருக்கு வேலை கொடுத்து இடம் கொடுத்தது லெடர்லே.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்துபோனார். ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சரி, மார்க் எவ்வளவு?

மேற்கோள்களை முறையாகத் தொகுக்கும் அட்டவணை வந்ததே 1964-இல். ஹெச்-இண்டெக்ஸ் வந்தது 2005-இல். அந்த அளவுகோலால் பார்த்தால், சுப்பாராவ் பாஸ்பரஸை அளந்த ஆள். அது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை.

மீதிக் கதை, பெயர் வரிசையின் நடுவிலும் கடைசியிலும், சில சமயம் பெயரே இல்லாத இடத்திலும் கிடக்கிறது. மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று சொல்லும். ஒரு மனிதர் எத்தனை பேரைச் சேர்த்து வேலை வாங்கினார், எந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார் என்பதை அது எண்ணுவதில்லை.

அப்ரைசல் படிவத்தில் உங்கள் வேலை சரியாக ஏறவில்லையே என்று வருத்தமா? அந்த வருத்தம் நியாயமானதுதான்; பெயர் போட வேண்டிய இடத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, உங்கள் டீமில் கடைசிப் பெயராக இருப்பவர் என்ன செய்தார் என்றும் ஒரு தடவை கேளுங்கள்.