வாக்குச்சீட்டு இல்லாத விடுதலை: பிரெடரிக் டக்ளஸின் வாழ்வு

ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த 1865 மே மாதத்தில் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் நியூயோர்க் நகரில் கூடியது. அடிமைத்தனத்தை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் அவ்வாண்டு ஜனவரியில் காங்கிரஸின் இரு சபைகளையும் கடந்து, மாநிலங்களின் அங்கீகாரத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது. ஆகவே சங்கத்தின் பணி முடிவடைந்துவிட்டது, அதனைக் கலைத்துவிடலாம் என்று அதன் தலைவர் வில்லியம் லொயிட் கரிசன் கருதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கொள்கைக்காகவே வாழ்ந்த அவரது கருத்தை மறுத்துரைக்க எழுந்தவர்களுள் பிரெடரிக் டக்ளஸும் ஒருவர். கறுப்பின மனிதனின் கையில் வாக்குரிமை வந்து சேரும்வரை அடிமைத்தனம் ஒழிந்ததாகக் கொள்ள முடியாது என்பதே அவரது வாதம். சங்கத்தைக் கலைக்கும் யோசனை தோல்வியடைந்தது.

இவ்வாறு வாதிட்டவர் அடிமைத்தனத்தை நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர். 1818 ஆம் ஆண்டு மேரிலாண்ட் மாநிலத்தின் டல்பொட் மாவட்டத்தில் அவர் அடிமையாகவே பிறந்தார். தமது பிறந்த திகதியை அவர் ஒருபோதும் அறிந்ததில்லை. தந்தை ஒரு வெள்ளையர் என்று மாத்திரம் கேள்விப்பட்டிருந்தார். தாயார் ஹரியற் பெய்லி வேறொரு பண்ணையில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தமையால், இரவுவேளைகளில் சில தடவைகள் மட்டுமே தாயைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. அவருக்கு ஏறக்குறைய ஏழு வயதாயிருந்தபோது தாயும் மறைந்தார். பாட்டியாரின் அரவணைப்பிலேயே அவரது ஆரம்ப ஆண்டுகள் கழிந்தன.

1826 இல் அவர் பல்டிமோர் நகரில் ஒரு குடும்பத்திற்கு ஏவல் வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டின் எசமானி சிறுவனுக்கு அரிச்சுவடி கற்பிக்கத் தொடங்கினார். எழுத்தறிந்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று கூறி அவரது கணவர் அதனைத் தடுத்துவிட்டார். அந்தத் தடையே சிறுவனுக்கு வழியைக் காட்டியது எனலாம். தெருவில் விளையாடிய ஏழை வெள்ளையினச் சிறுவர்களுக்குப் பாண் துண்டுகளைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். 1838 செப்டெம்பர் 3 ஆம் திகதி, கடலோடி போன்று உடையணிந்து, இரவல் பெற்ற ஆவணம் ஒன்றுடன் புகையிரதத்தில் ஏறி, மறுநாளே நியூயோர்க்கைச் சென்றடைந்தார். அவரது தப்பியோட்டத்திற்கு உதவிய சுதந்திரக் கறுப்பினப் பெண்ணான அனா மரே அவரது மனைவியானார். பெய்லி என்ற பெயர் மறைந்து டக்ளஸ் என்ற பெயர் நிலைத்தது.

1841 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நன்ரக்கற் தீவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையினால் அவர் கரிசனின் கவனத்தை ஈர்த்து, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பேச்சாளரானார். 1845 இல் வெளிவந்த அவரது சுயசரிதை அவரைப் புகழடையச் செய்தது. ஆனால் தப்பியோடிய அடிமை எங்கே இருக்கின்றார் என்பதை எசமானர்களுக்கும் அதுவே அறிவித்தது. எனவே அவர் அயர்லாந்திற்கும் பிரித்தானியாவிற்கும் செல்ல நேர்ந்தது. அங்குள்ள நண்பர்கள் 150 பவுண் திரட்டி, சட்டப்படி அவரது விடுதலையை விலைக்கு வாங்கினர். நாடு திரும்பிய அவர், 1847 இல் நியூயோர்க் மாநிலத்தின் ரொசெஸ்டர் நகரில் ‘நோர்த் ஸ்டார்’ என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார். வடக்கு நோக்கித் தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டிய துருவ நட்சத்திரத்தின் பெயர் அது.

இக்காலப் பகுதியில் அவருக்கும் கரிசனுக்கும் இடையே முதலாவது பிளவு ஏற்பட்டது. அமெரிக்க அரசியலமைப்பே அடிமைத்தனத்துடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை என்றும், அதன் கீழ் அரசியலில் ஈடுபடுவதே பாவம் என்றும் கரிசன் போதித்தார். அதற்கு ஆதாரமும் இருந்தது. 1787 இன் அரசியலமைப்பு, அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்த்துத் தென் மாநிலங்களுக்கு மேலதிக ஆசனங்களை வழங்கியிருந்தது. தப்பியோடியோரைத் திருப்பி ஒப்படைக்கவும் அது வகைசெய்தது. டக்ளஸும் ஆரம்பத்தில் இக்கருத்தையே கொண்டிருந்தார். எனினும் ஆழ்ந்த வாசிப்பின் பின்னர், 1851 இல் தமது நிலைப்பாட்டை அவர் பகிரங்கமாக மாற்றிக்கொண்டார். அடிமை என்ற சொல்லே இடம்பெறாத அந்த ஆவணத்தை விடுதலையின் கருவியாக ஆக்க முடியும் என்பது அவரது புதிய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு 1857 இல் பேரிடி விழுந்தது. அடிமையாயினும் சுதந்திரமானவராயினும் ஆபிரிக்க வம்சாவளியினர் ஐக்கிய அமெரிக்காவின் பிரஜைகளாக முடியாது என்று ட்ரெட் ஸ்கொட் வழக்கில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னரும் அவர் அரசியலமைப்பைக் கைவிடவில்லை. 1860 இல் அந்நாட்டில் ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகள் இருந்தனர்.

யுத்தம் மூண்டதும், இது அடிமை ஒழிப்புக்கான யுத்தமாக மாற வேண்டும் என்றும், கறுப்பின மக்கள் ஆயுதமேந்த அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் டக்ளஸ் எழுதியும் பேசியும் வந்தார். 1863 இன் விடுதலைப் பிரகடனத்தின் பின்னர் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் வட தரப்பு இராணுவத்தில் சேர்ந்தனர். அவரது இரு புதல்வர்கள் மசாசூசெட்ஸின் 54 ஆவது படைப்பிரிவில் இணைந்தனர். கறுப்பின வீரர்களுக்குக் குறைந்த ஊதியம் வழங்கப்படுவதையிட்டு அவர் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனையே நேரில் சந்தித்து முறையிட்டார். நாட்டிற்காக இரத்தம் சிந்தியவனுக்குப் பிரஜாவுரிமையை மறுக்க முடியாது என்பது அவரது கணிப்பு.

1865 டிசெம்பர் 6 ஆம் திகதி பதின்மூன்றாவது திருத்தம் தேவையான மாநிலங்களின் அங்கீகாரத்தைப் பெற்றது. குற்றத்திற்கான தண்டனை என்ற விதிவிலக்கு நீங்கலாக, அடிமைத்தனம் நாடெங்கும் சட்டவிரோதமாயிற்று. ஆனால் அதற்கு முன்னரே தென் மாநிலங்கள் கறுப்பினத்தோருக்கெனத் தனிச் சட்டங்களை இயற்றத் தொடங்கிவிட்டன. வேலை ஒப்பந்தம் இல்லாதவர் நாடோடியெனக் கைதுசெய்யப்பட்டுக் கட்டாய வேலைக்கு அனுப்பப்படலாம் என்று அவற்றுட் சில விதித்தன. மேலும், விடுதலை பெற்றோர் இனி முழு எண்ணிக்கையில் கணக்கிடப்படுவர் என்பதால், வாக்களிக்க முடியாத அம்மக்களின் பெயரால் முன்னாள் எசமானர்களுக்கு முன்னரைவிடக் கூடுதலான ஆசனங்கள் கிடைக்கவிருந்தன. 1865 மே மாதத்தில் டக்ளஸ் விடுத்த எச்சரிக்கை ஒரு வருடத்திற்குள்ளேயே மெய்யாயிற்று.

1866 பெப்ரவரியில் அவர் ஒரு தூதுக்குழுவினருடன் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சனைச் சந்தித்து வாக்குரிமை கோரினார். அது இனங்களிடையே மோதலை மூட்டும் என்று கூறி ஜோன்சன் மறுத்துவிட்டார். ஆயினும் காங்கிரஸ் ஜனாதிபதியின் வழியில் செல்லவில்லை. 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பதினான்காவது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட அனைவரும் அந்நாட்டுப் பிரஜைகள் எனக் கூறி ட்ரெட் ஸ்கொட் தீர்ப்பைத் துடைத்தெறிந்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் எவருக்கும் மறுக்கலாகாது என்றும் அது விதித்தது. 1870 பெப்ரவரியில் அங்கீகாரம் பெற்ற பதினைந்தாவது திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமை நிலை ஆகியவற்றைக் காரணங்காட்டி வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்தது. ஐந்தாண்டுகளில் மூன்று திருத்தங்கள். ஒவ்வொன்றும் முன்னையது போதாது என்பதன் ஒப்புதலாகவே வந்தது.

இந்த வெற்றிக்கு டக்ளஸ் கொடுத்த விலையும் உண்டு. 1848 இல் செனெகா போல்ஸில் நடைபெற்ற பெண்ணுரிமை மாநாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்தவர் அவர். பதினைந்தாவது திருத்தமோ பெண்களை விட்டுவிட்டது. எலிசபெத் கேடி ஸ்டன்டனும் சூசன் பி. அன்ரனியும் அதனை எதிர்த்தனர். தெற்கில் கறுப்பின மக்கள் நிறத்தின் காரணமாகவே கொல்லப்படுகையில் அவர்களுக்கு வாக்கு உயிர்ப் பிரச்சினை என்று 1869 இல் டக்ளஸ் வாதிட்டார். நீண்டகாலத் தோழமை அங்கு முறிந்தது. கறுப்பினப் பெண்கள் அத்திருத்தத்திற்கு வெளியிலேயே நின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவசரம் கருதி ஒரு சாராரின் உரிமையைப் பின்தள்ளிய அந்த முடிவு சரிதானா என்பது இன்றும் விவாதத்திற்குரியதே. பெண்களுக்கான திருத்தம் 1920 இலேயே வந்தது.

தமது பிற்காலத்தில், தாம் போராடிப் பெற்ற எழுத்துகள் வெறுமையாக்கப்படுவதை அவர் கண்ணெதிரே கண்டார். 1877 இல் தெற்கின் கறுப்பின மக்களுக்கான கூட்டாட்சி இராணுவப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. 1883 இல், விடுதிகளிலும் வாகனங்களிலும் பாகுபாட்டைத் தடைசெய்த 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தை, தனியாரின் செயல்களுக்குப் பதினான்காவது திருத்தம் பொருந்தாது என்று கூறி உச்ச நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. நீதியரசர் ஜோன் மார்ஷல் ஹார்லன் மாத்திரமே மாறுபட்டார். வாக்களிப்பதற்கு எழுத்தறிவையோ வரியையோ நிபந்தனையாக்குவதைப் பதினைந்தாவது திருத்தம் தடைசெய்யவில்லை. அந்த இடைவெளியினூடாக 1890 இல் மிசிசிப்பி மாநிலம் தனது புதிய அரசியலமைப்பின் மூலம் கறுப்பின வாக்காளர்களை வெளியேற்றியது. எழுத்தறிவை ஒரு காலத்தில் தடுத்தவர்களின் வாரிசுகள், பின்னர் அதே எழுத்தறிவைத் தகைமையாகக் கேட்டனர். ஹெயிட்டிக்கான அமெரிக்கத் தூதர் பதவி வரை உயர்ந்திருந்த டக்ளஸ், முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. கறுப்பின மக்களைக் கும்பல்கள் விசாரணையின்றிக் கொன்றொழிப்பதற்கு எதிராக இறுதிவரை பேசிவந்தார்.

1895 பெப்ரவரி 20 ஆம் திகதி வொஷிங்டனில் பெண்கள் அமைப்பொன்றின் கூட்டத்தில் கலந்துகொண்டு வீடு திரும்பிய அவர், அன்று மாலையே காலமானார். தாம் 1869 இல் காத்திருக்கச் சொன்னவர்களின் அவையே அவர் கடைசியாக அமர்ந்திருந்த அவையாயிற்று.

பதினைந்தாவது திருத்தத்திற்கு உண்மையான உயிரூட்டிய வாக்குரிமைச் சட்டம் நிறைவேற மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. அது 1965 இல் வந்தது. பதின்மூன்றாவது திருத்தத்தை அங்கீகரித்த மிசிசிப்பியின் ஆவணம் 2013 இலேயே முறைப்படி பதிவானது. அதே ஆண்டில், 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதான பாதுகாப்பு ஏற்பாடொன்றை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. இவ்வரலாற்றை நோக்கும்போது எழுத்தில் வரும் உரிமையால் பயனில்லை என்று சலித்துக்கொள்ளத் தோன்றலாம். டக்ளஸ் அவ்வாறு கருதியவர் அல்லர். எழுதப்பட்டிராத உரிமையை எவராலும் நீதிமன்றத்தில் கோர முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1965 இல் கறுப்பின மக்கள் கோரியதும், டக்ளஸின் தலைமுறை எழுத்தில் பெற்றுத் தந்திருந்த உரிமையையே. எழுதியதோடு பணி முடிந்துவிட்டது என்று எண்ணிச் சங்கத்தைக் கலைப்பதையே அவர் ஆபத்தாகக் கண்டார்.