கல்கி (எழுத்தாளர்)

கல்கி (செப்டம்பர் 9, 1899 - டிசம்பர் 5, 1954) புகழ்பெற்ற தமிழ் எழுத்தாளரும் இதழாசிரியரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். இயற்பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய வரலாற்றுப் புதினங்களால் பெரிதும் அறியப்படுகிறார். வார இதழில் தொடர்களாக வெளிவந்த இவை பின்னர் நூல்களாயின. நாட்டுடைமையாக்கப்பட்ட பின் மின்னூல்களாகவும் கைப்பேசிகளிலும் படிக்கப்பட்டு வருகின்றன.

இளமை

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராமசாமி ஐயர் ஊர்க் கணக்கராக இருந்தவர். தாயார் தையல்நாயகி. திருச்சிராப்பள்ளி தேசிய உயர்நிலைப் பள்ளியில் படித்து வந்தபோது, 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேரும் பொருட்டுப் பள்ளியிறுதித் தேர்வை எழுதாமலேயே படிப்பை விட்டார். மறு ஆண்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அதன் பின் அவர் முறையான கல்விக்குத் திரும்பவில்லை.

இதழ்ப் பணி

1923இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியரானார். பின்னர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, இராஜாஜி நடத்திய மதுவிலக்குப் பிரசார இதழான விமோசனத்தில் பணிபுரிந்தார். கல்கி என்னும் புனைபெயர் பற்றி இரு விளக்கங்கள் வழங்குகின்றன. கல்யாணசுந்தரனாரின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து வைத்துக்கொண்டார் என்பது ஒன்று. பழையன கழிக்க வரும் கல்கி அவதாரத்தைக் குறித்தது என்பது மற்றொன்று.

1930களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனுக்கு ஆசிரியராக இருந்தார். நகைச்சுவைக் கட்டுரைகளும், கர்நாடகம் என்னும் பெயரில் எழுதிய இசை, நாடக விமர்சனங்களும் அவருக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தன. அவருடைய கள்வனின் காதலி, தியாக பூமி ஆகிய தொடர்கதைகள் அங்கேயே வெளிவந்தன. தியாக பூமி திரைப்படமாக எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அதன் காட்சிப் படங்களுடன் கதையும் வாரந்தோறும் விகடனில் வெளிவந்தது. அச்சும் திரையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நடந்தது அக்காலத்தில் புதுமை.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற கல்கி, விகடனை விட்டு விலகினார். விடுதலையான பின் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி என்ற பெயரிலேயே வார இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் இதற்கு முதலாகப் பயன்பட்டது. மீரா திரைப்படத்தில் அவர் பாடிய காற்றினிலே வரும் கீதம் கல்கி இயற்றியது. தமிழிசை இயக்கத்தை ஆதரித்தும், எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுப்ப நிதி திரட்டியும் தம் இதழ் வழியே கல்கி உழைத்தார். அம்மண்டபம் 1947இல் திறக்கப்பட்டது.

பொன்னியின் செல்வனும் கொடும்பாளூரும்

1950 அக்டோபரில் தொடங்கிய பொன்னியின் செல்வன் மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள். மொத்தம் 293 அத்தியாயங்கள். ஓவியர் மணியம் படங்கள் வரைந்தார். வாசகர் பலர் இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கித் தைத்துத் தாமே நூலாக்கிக்கொண்டனர். அத்தகைய கட்டுகள் இன்றும் பல வீடுகளில் பாதுகாக்கப்படுகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்து அமைந்துள்ள கொடும்பாளூர் இக்கதையால் தமிழ் வாசகர்களிடையே மிகவும் அறிமுகமானது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்ற வழியில் கொடும்பை என்று சிலப்பதிகாரம் குறிப்பது இவ்வூரே. இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர்கள் இங்கிருந்து ஆண்டு, சோழர்க்குத் துணை நின்றனர். அவருள் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுத்த மூன்று விமானங்களே மூவர் கோயில். அவற்றுள் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. அங்குள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டு இவ்வேளிரின் வழிமுறையைத் தருகிறது.

கல்கி இப்பூதி விக்கிரமகேசரியைச் சுந்தர சோழன் காலத்துப் பெரிய வேளாராகவும், ஈழப் போரில் இறந்த அவருடைய தம்பி சிறிய வேளாரின் மகளாக வானதியையும் படைத்தார். இதில் வரலாறு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சிறிய வேளார் ஈழத்தில் வீழ்ந்தது கல்வெட்டுச் செய்தி. இராசேந்திர சோழனின் தாய் வானவன் மாதேவி என்பதும் கல்வெட்டால் அறியப்படுவதே. அவரைக் கொடும்பாளூர் இளவரசியாக்கி, அச்சமும் அன்பும் மிக்க வானதி என்ற பெண்ணாக உருவாக்கியது புதின ஆசிரியரின் கைவண்ணம். மூவர் கோயிலின் காலம் பற்றியும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை முதலாம் ஆதித்தன் காலத்துக்கு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டு செல்வோரும் உளர். அவ்வாறாயின் பெரிய வேளார் வந்தியத்தேவனுக்கு இரண்டு தலைமுறையேனும் முந்தியவர் ஆகிவிடுவார்.

மறைவு

பொன்னியின் செல்வன் முடிந்த சில மாதங்களில், 1954 டிசம்பர் 5 அன்று, காச நோயால் சென்னையில் கல்கி காலமானார். அப்போது அவருக்கு வயது 55. எழுதிக்கொண்டிருந்த அமரதாரா தொடர்கதையை அவருடைய மகள் ஆனந்தி நிறைவு செய்தார். அலை ஓசை புதினத்துக்காக 1956இல் சாகித்திய அகாதமி விருது அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

நாட்டுடைமையும் மின்னூல்களும்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். கல்கியின் எழுத்துகள் 2014 இறுதி வரை காத்திருக்க வேண்டியவை. ஆனால் அவரது நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. பதினைந்து ஆண்டுகள் என்பது சிறு கால அளவாகத் தோன்றலாம். எனினும் தமிழ் இணையத்தில் கால்பதித்த ஆண்டுகள் அவையே.

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களை மின்பதிப்புகளாக வெளியிட்டு வந்தது. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களும், பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், அலை ஓசை ஆகியவையும் அதில் சேர்ந்தன. நூலகமோ புத்தகக் கடையோ அருகில் இல்லாத அயல்நாட்டுத் தமிழர்க்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. ஆனால் மணியத்தின் ஓவியங்கள் அப்பதிப்பில் இல்லை. தட்டெழுத்துப் பிழைகளும் ஆங்காங்கே நின்றுவிட்டன. எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றியது என்று கூறாமல் இணையப் பாடத்தை அப்படியே எடுத்தாளும் செயலிகளில் அப்பிழைகளும் உடன் செல்கின்றன. ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் தமிழ் நூல்களை ஈபப், மோபி வடிவங்களிலும், ஆறு அங்குலத் திரைக்கு ஏற்ற பிடிஎஃப் வடிவிலும் வழங்கியது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியில் தமிழ் நூல்களுக்கு இடமளித்தது. ஐந்து பாகங்களைக் கையில் தாங்கிப் படிக்க இயலாத முதியோரும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இக்கருவிகளில் படிக்கின்றனர். ஒரு வாரத்துக்குரிய அளவில், அடுத்தது என்ன என்னும் ஆவலோடு முடியும்படி கல்கி அமைத்த அத்தியாயங்கள் சிறு திரைக்குப் பொருத்தமாய் அமைந்தது தற்செயலே. மணிரத்னம் இயக்கிய திரைப்படம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தபோது புதிய வாசகரும் சேர்ந்தனர். கல்கி இதழின் அச்சுப் பதிப்போ 2020இல் நின்று, இதழ் இணையத்துக்கு மாறியது.

எழுத்துச் சிக்கல்கள்

முன்பு மதுரைத் திட்டம் தஸ்கி குறியேற்றத்தைப் பயன்படுத்தியது. கொடும்பாளூர் என்னும் சொல்லின் முதலெழுத்தைத் தஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகச் சேமிப்பர். ஒருங்குறியில் ககரம் முதலிலும், அதன் பின் ஓர் உயிர்க்குறியும் சேமிக்கப்படும். கொம்பை முன்னே கொண்டு வந்து காட்டுவது கருவியின் வேலை. அவ்வேலை தெரியாத பழைய கைப்பேசிகளில் கொம்பு இடம் மாறி நின்றது. தமிழ் எழுத்துருவே இல்லாதவற்றில் வெறும் கட்டங்கள் தோன்றின.

இன்றைய கருவிகளில் இக்குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. எனினும் ஒருங்குறியிலேயே அவ்வுயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் உள்ளிட இயலும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்வேறுபாட்டைச் சமன் செய்யாத மென்பொருளில் கொடும்பாளூர் என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லும் அகப்படாது. அவ்வாறு நேர்ந்தால் டும்பாளூர் என்று மட்டும் தட்டித் தேடலாம்.