ஆக்டேவியா ஹில் அம்மையார்

வாடகை தண்டுதலும் ஓர் அறத்தொண்டாகுமோ? ஆகும் எனத் தம் வாழ்வால் காட்டியவர் ஆக்டேவியா ஹில் அம்மையார். அவர் 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள விஸ்பெக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வாணிகத்தில் நொடித்தமையால், இளமையிலேயே உழைத்து வாழும் நிலையெய்தினார். இலண்டனில் ஏழைச் சிறுமியர்க்குப் பொம்மைத் தொழில் பயிற்றுங்கால், அவர்தம் உறைவிடங்களின் இழிநிலை கண்டு உள்ளம் நைந்தார்.

1865ஆம் ஆண்டில், அறிஞர் ஜான் ரஸ்கின் மாரிலபோன் பகுதியில் மூன்று வீடுகளைப் பெற்று, அவற்றின் மேலாண்மையை அம்மையாரிடம் ஒப்படைத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஊதியம் கிடைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மையார் வாரந்தோறும் வீடுதோறும் தாமே சென்று வாடகை பெற்றார். நிலுவை வைக்க இடங்கொடார். வேண்டுமென்றே செலுத்தாதாரை வெளியேற்றவும் தயங்கார். இக்கண்டிப்பைக் கடுமை என்றாரும் உளர். ஆயினும், அவர் தம் கடமையிலும் தவறினாரல்லர். பழுதுகளை உடனுக்குடன் செப்பனிட்டார்; ஊதியம் போக எஞ்சிய பொருளைக் குடியிருப்போர் விரும்பிய வசதிகளுக்கே செலவிட்டார். வேலையற்றார்க்கு இலவசமாகப் பொருள் ஈயாது, அவ்வீடுகளைச் செப்பனிடும் பணியையே அளித்துக் கூலி கொடுத்தார். அதனால் அவர்கள் பிறர் கையை எதிர்பாராது தலைநிமிர்ந்து வாழ்ந்தனர்.

1884ஆம் ஆண்டில், திருச்சபைச் சொத்துக்களை ஆளும் ஆணையரும் சதர்க் பகுதியிலுள்ள தம் வீடுகளை அவர் பொறுப்பில் விட்டனர். பெண்டிர் பலர் அவரிடம் இத்தொழிலைப் பயின்றனர். 1895ஆம் ஆண்டில், எழில்மிகு நிலங்களையும் பழம்பெருங் கட்டடங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளையை நிறுவிய மூவருள் அவரும் ஒருவராயினார். 1912ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார்.

மாணவர்களே! உடையவரும் குடியிருப்பவரும் தத்தம் கடமையில் வழுவாதொழுகின், வீடு செழிக்கும் என்பதே அவர்தம் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.