யானைக்காற் புழுவின் வழி கண்ட மான்ஸன்

காலும் சிறகும் கண்ணும் அற்ற ஒரு சிறு புழு மனிதனது குருதியினுள் அடைபட்டுக் கிடக்கின்றது. தான் பிறந்த அவ்வுடலிலேயே வளர்ந்து முற்றுதல் அதற்கு இயலாது. ஒரு கொசுவின் வயிற்றை அடைந்தாலன்றி அதன் வாழ்வு மேற்செல்லாது. வெளியிற் பறந்து திரியும் கொசுவை உள்ளே கிடக்கும் புழு கண்டு சேர்வது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண முயன்று, மருத்துவத் துறையில் ஒரு புதுவழி வகுத்தவர் ஸர் பாட்ரிக் மான்ஸன் என்னும் அறிஞர். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மான்ஸன் 1844-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் அபெர்டீன் நகரை அடுத்த ஓல்ட்மெல்ட்ரம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அபெர்டீனில் மருத்துவம் பயின்று, 1866-ல் சீனச் சுங்கத்துறையின் மருத்துவராக, இன்று தைவான் எனப்படும் போர்மோசாத் தீவிற்குச் சென்றார். 1871-ல் சீனக் கடற்கரையிலுள்ள அமாய் நகரை அடைந்தார். யானைக்கால் நோயினால் உறுப்புகள் வீங்கி நடக்கவும் மாட்டாது வருந்துவோர் பலரை அவர் அங்கே கண்டார். கத்திகொண்டு பெருங்கட்டிகளை அறுத்து நீக்கினார். ஆயினும் நோயின் வேர் அவருக்குப் புலப்படவில்லை.

1875-ல் விடுமுறையில் இலண்டன் சென்றிருந்தபொழுது, லூயிஸ் என்பார் 1872-ல் கல்கத்தாவில் மனிதக் குருதியில் நூலிழை போன்ற உருளைப்புழுக் குஞ்சுகளைக் கண்ட செய்தியை நூல்வாயிலாக அறிந்தார். மீண்டு வந்து, அமாய் மக்களின் குருதியிலும் அவற்றைக் கண்டார். குஞ்சுகள் யாவும் ஓருடலிலேயே வளர்ந்து பெருகுமாயின் அம்மனிதன் மாய்வான். அவனோடு புழுக்களும் மாயும். ஆதலின் அவை வெளியேற ஒரு வழி வேண்டும். அவ்வழி குருதியுண்ணும் கொசுவாகலாம் என்று அவர் துணிந்தார்.

1877-ல் அதனைச் சோதித்தார். அவர்தம் தோட்டக்காரராகிய ஹின்-லோ என்பவரது குருதியில் இப்புழுக்கள் நிறைந்திருந்தன. அவரைக் கொசுக்கள் புகுந்த ஓர் அறையில் இரவில் உறங்கச் செய்து, காலையில் குருதியுண்டு பருத்த கொசுக்களைப் பிடித்து அறுத்து, உருப்பெருக்குங் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினார். குஞ்சுகள் தம் மேலுறையைக் கழற்றி, கொசுவின் இரைப்பையைத் துளைத்து, மார்புத் தசையிற் புகுந்து நாளுக்கு நாள் வளர்வதைக் கண்டார். மனிதனைப் பற்றும் ஒரு நோய்ப்புழு பூச்சியின் உடலில் வளர்வதை முதன்முதல் மெய்ப்பித்த பெருமை இதனால் அவருக்கு உரியதாயிற்று.

இதனினும் வியப்புடையது பின்னர்த் தெரிந்தது. பகலிற் குருதியில் அரிதாகவே காணப்படும் குஞ்சுகள் மாலையில் தோன்றி, நள்ளிரவிற் பெருகி, விடியலில் மறைந்தன. பகலில் அவை நுரையீரலின் குருதிக்குழாய்களில் தங்குவதையும் மான்ஸன் பிற்காலத்தில் அறிந்தார். அமாய்க் கொசு இரவிற் கடிப்பது. ஆகவே புழு கொசுவைத் தேடி ஓடவில்லை. அது வரும் வேளையறிந்து வாயிலில் வந்து காத்து நிற்கின்றது. பகலிற் கடிக்கும் கொசுக்கள் வாழும் பாலினீசியத் தீவுகளில் இவ்விரவு வழக்கம் புழுக்களிடம் இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

எனினும் கொசுவினின்று புழு மனிதனை மீண்டும் அடைவது எவ்வாறு என்பதில் மான்ஸனது கருத்துப் பிழைபட்டது. அவர் வளர்த்த கொசுக்கள் சின்னாளில் இறந்தமையால், கொசு நீரில் மாள, அந்நீரைப் பருகுவோரைப் புழு பற்றும் என்று கருதினார். 1900-ல் ஆஸ்திரேலியாவினின்று தமக்கு வந்த கொசுக்களை, லோ என்னும் இளைய மருத்துவர் ஆராய ஈந்தார். முதிர்ந்த புழுக்கள் கொசுவின் ஊசிவாயில் இருப்பதை லோ கண்டார். கொசு கடிக்கும்பொழுது அவை தோலில் இறங்கிக் கடிவாய் வழியே உடலிற் புகும். ஆசிரியர் விட்ட குறையை இளையவர் நிறைவேற்றினார்.

மான்ஸன் 1887-ல் ஹாங்காங்கில் சீன மாணவர்க்கென ஒரு மருத்துவக் கல்லூரி காண முன்னின்று, அதன் முதற்றலைவராய் விளங்கினார். இலண்டன் மிஷன் சங்கத்தாரின் மருத்துவமனை அதற்கு இடந்தந்தது. பிற்காலத்தில் சீனக் குடியரசின் தந்தை எனப் போற்றப்பெற்ற ஸன் யாட்-ஸென் அங்கே பயின்றவர். மலேரியாவையும் கொசுவே பரப்பக்கூடும் என்று 1894-ல் மான்ஸன் எழுதினார். அவர் ஊக்கத்தால் ரொனால்டு ராஸ் இந்தியாவில் ஆராய்ந்து, 1897, 1898-ஆம் ஆண்டுகளில் அதனை நிலைநாட்டினார். 1899-ல் இலண்டனில் வெப்பநாட்டு நோய்களுக்கெனக் கல்விநிலையம் கண்ட மான்ஸன், 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் மறைந்தார்.

யானைக்கால் நோயை ஆராயும் சுகாதார ஊழியர் நம்மூர்களில் இரவிலே வந்து விரலிற் குருதி எடுப்பதன் காரணம் அமாயில் தெரிந்த அவ்வுண்மையே. ஹின்-லோவின் உடலிலிருந்த புழுவை அழிக்கவல்ல மருந்து அந்நாளில் எவரிடமும் இல்லை. அவர் கொசுக்களுக்குத் தம் உடலை ஈந்தார்; பயனைப் பின்வந்தோர் பெற்றனர். மான்ஸனது பெயரைக் கற்கும் மாணவராகிய நாம், அத்தோட்டக்காரரின் பெயரையும் அதனோடு சேர்த்துக் கற்றல் கடனாம்.