கைதியாய் வந்த குயவர்



வாழ்க்கை வரலாறு பகுதியில் தலைவர்களைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அதனால் நான் ஒரு குயவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் யீ சாம்பியோங். கொரியாவில் பிறந்தவர். ஆனால் ஜப்பான்காரர்கள்தான் அவரைப் பீங்கான் தொழிலின் தந்தை என்று கொண்டாடுகிறார்கள். அது எப்படி என்று சொல்கிறேன்.

ஜப்பானில் டீ குடிக்கிற கிண்ணத்துக்குக் கைப்பிடி கிடையாது. கையில் ஏந்தித்தான் குடிப்பார்கள். அங்கே செய்த பழைய பீங்கான் கிண்ணம் என்றால் இன்று பல நாட்டிலும் தேடித் தேடி வாங்குகிறார்கள். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். ஆனால் 400 வருடத்துக்கு முன்னால் ஜப்பானில் மண்பாண்டம் செய்யத்தான் தெரியும், பீங்கான் செய்யத் தெரியாது. பீங்கான் வேணும்னா கப்பலில்தான் வரணும். அந்த ஊர்ப் பிரபுக்களுக்கோ டீ விருந்து மேல் ரொம்ப மோகம். கொரியக் கிண்ணம் என்றால் உயிரையே விடுவார்கள்.

1592இல் ஹிதேயோஷி என்ற ஜப்பானிய ஆட்சியாளர் கொரியா மேல் படையெடுத்தார். 1597இல் மறுபடியும் படை போனது. 1598இல் அவர் இறந்ததும் படைகள் ஊர் திரும்பின. சும்மா திரும்பவில்லை. கொரியக் குயவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதற்கு டீக்கிண்ணப் போர் என்று ஒரு பெயரே உண்டு. பொன்னையும் பொருளையும் கொள்ளை அடித்ததைப் பாடத்தில் படித்திருக்கிறோம். கைத்தொழிலுக்காக ஆட்களையே அள்ளிக்கொண்டு போனதை இதில்தான் நான் படித்தேன். அப்படி சாகா என்ற பகுதியின் பிரபு நபெஷிமா நவோஷிகேயின் படையோடு ஜப்பானுக்கு வந்தவர்தான் நம்ம சாம்பியோங்.

பீங்கானுக்குச் சாதாரணக் களிமண் உதவாது. அதற்கென்று ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. அதை இடித்து மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, கசடு நீக்கி, பிசைந்து வனைய வேண்டும். மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிற சூளையில் அடுக்கி, கிட்டத்தட்ட 1,300 டிகிரி சூட்டில் சுட வேண்டும். அப்படி வெந்த கிண்ணத்தைத் தட்டினால் மணி மாதிரி கணீரென்று கேட்கும்.

சாம்பியோங் முதலில் தாகு என்ற ஊரில் இருந்தார். அங்கே அந்தக் கல் இல்லை. கடைசியில் அரிதா என்ற ஊரில், இசுமியாமா மலையில் கல் கிடைத்தது. 1616இல் தன்னைச் சேர்ந்த 18 பேருடன் அரிதாவுக்குக் குடிவந்தார். அந்த வருடத்தைத்தான் ஜப்பான் பீங்கானின் தொடக்கம் என்கிறார்கள். 2016இல் 400ஆம் ஆண்டு விழாவும் நடத்தினார்கள். ஆனால் அவர் ஒருவரே செய்தார் என்று சொல்லிவிட முடியாது. பழைய சூளைகளைத் தோண்டிப் பார்த்ததில், அதே சமயத்தில் வேறு கொரியக் குயவர்களும் பீங்கான் சுட்டது தெரிகிறது.

ஜப்பானில் அவருக்குக் கனகாயே சான்பெய் என்று பெயர். அவர் பிறந்த ஊரின் பெயரிலிருந்துதான் கனகாயே என்பது வந்ததாம். யீ சாம்பியோங் என்று நாம் சொல்வதுகூடப் பிற்காலத்தவர்கள் எழுதிய பெயர்தான். அந்தக் காலத்து ஏடுகளில் சான்பெய் என்றுதான் இருக்கிறது. அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1655இல் அரிதாவிலேயே இறந்துபோனார்.

1659இல் டச்சு வணிகக் கம்பெனி அரிதாவிடம் ஏராளமான பீங்கான் கேட்டது. இமாரி துறைமுகம் வழியாக ஏற்றியதால் அதற்கு இமாரி என்றே பெயர் விழுந்தது. ஐரோப்பிய மன்னர்களின் அரண்மனை வரைக்கும் போனது. பழைய கிண்ணம் சேர்ப்பவர்கள் அதைக் கவிழ்த்து அடியில்தான் முதலில் பார்ப்பார்களாம். பல கிண்ணங்களில் சீன மன்னர் காலத்து முத்திரையைப் பார்த்து எழுதிவைத்திருப்பார்கள். வனைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அரிதாவில் ஒரு கோயில் இருக்கிறது. அதன் நுழைவாயில்கூடப் பீங்கானால் ஆனது. அங்கே சாம்பியோங்கைத் தெய்வமாக வணங்குகிறார்கள். பக்கத்து மலையில் 1917இல் நினைவுத்தூணும் வைத்தார்கள். அதே கோயிலில் இன்னொரு தெய்வம் யார் தெரியுமா? பிரபு நபெஷிமா நவோஷிகே! பிடித்துக்கொண்டு வந்தவரும் பிடிபட்டு வந்தவரும் ஒரே கோயிலில். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவரைக் கும்பிட்டவர்கள், அவரை ஊருக்கு அனுப்பாததற்கு வருத்தப்பட்டிருப்பார்களா?

என் தோழி வேறு மாதிரி சொல்கிறாள். அவர் அங்கே போகாவிட்டால் அந்த ஊருக்கே பிழைப்பு இல்லையாம். அது உண்மைதான். ஆனாலும் நல்லது விளைந்ததால் முதலில் செய்த கொடுமை இல்லை என்று ஆகிவிடாது என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த இதழில் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி